என்ஜின், கியர்பாக்ஸ் மாற்றிய டிரக்கில் டிரைவ் ஷாஃப்ட் தொல்லை: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

என்ஜினும் கியர்பாக்ஸும் சேஸிஸில் உட்கார்ந்த பிறகுதான் கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் பலருக்கு நினைவுக்கு வரும். பழையதையே எடுத்து மாட்டிப் பார்ப்பார்கள். ஒன்று, உள்ளே போகாது. அல்லது போகும், வண்டி உதறும். உதிரிபாகக் கடையில் வண்டி மாடலையும் ஆண்டையும் சொல்லிக் கேட்பதிலும் இனிப் பயனில்லை, ஏனென்றால் உங்கள் வண்டி இப்போது எந்தப் பட்டியலிலும் இல்லாத வண்டி. அளவு சொல்லித்தான் ஷாஃப்ட் வாங்க வேண்டும் அல்லது செய்ய வேண்டும். ஸ்ப்ளைன் (ஷாஃப்டைச் சுற்றி நீளவாக்கில் வெட்டிய பல்), ஸ்லிப் யோக்கின் (கியர்பாக்ஸுக்குள் நுழைந்து நகரும் முனை) வெளிவிட்டம், யூ-ஜாயின்ட் (கோணத்திலும் சுழலவிடும் இணைப்பு) அளவு, நீளம், கோணம், குழாயின் பருமன் என்று ஆறு விஷயம். கீழே உள்ள அறிகுறிகள் பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்று தவறியதால் வருபவைதான்.

ஸ்லிப் யோக் கியர்பாக்ஸுக்குள் போகவில்லை

முதலில் பல்லை எண்ணுங்கள். அவுட்புட் ஷாஃப்டைத் துடைத்து, ஒரு பல்லின் மேல் சாக்பீஸ் கோடு போட்டு, அங்கிருந்து சுற்றி வந்து அதே கோட்டில் முடியுங்கள். கண்ணால் மதிப்பிட வேண்டாம். 27 பல்லும் 28 பல்லும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

இந்த மாற்றங்களில் அதிகம் வரும் கியர்பாக்ஸ் பெட்டிகளின் கணக்கு இது. ஜெனரல் மோட்டார்ஸின் டிஎச்350, 700ஆர்4, 4எல்60இ மூன்றும் 27 பல். டிஎச்400, 4எல்80இ இரண்டும் 32 பல். ஃபோர்டின் சி4, ஏஓடி 28 பல். சி6 31 பல். கிறைஸ்லரின் 727 என்றால் 30, 904 என்றால் 26. ஆக டிஎச்350 இருந்த இடத்தில் 700ஆர்4 வந்தால் பழைய யோக் அப்படியே போகும். 4எல்80இ வந்தால் போகாது.

பல் பொருந்தினாலும் வேலை முடியவில்லை. யோக்கின் வெளிப்புறம் கியர்பாக்ஸின் பின் புஷ்ஷிலும் ஆயில் சீலிலும் உட்கார வேண்டும். டிஎச்350 வகை யோக்கின் வெளிவிட்டம் சுமார் 38.2 மி.மீ., டிஎச்400 வகைக்குச் சுமார் 47.9 மி.மீ. வெர்னியரால் அளந்து பார்த்தபிறகே யோக் வாங்குங்கள்.

இன்னொரு பொறி: டிரக்குகளில் வந்த சில டிஎச்400 பெட்டிகளில் யோக் உள்ளே வெளியே நகராது, அவுட்புட் ஷாஃப்டின் முனையில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். அப்படிப்பட்ட பெட்டிக்கு நகர்வு முழுவதும் ஷாஃப்டின் நடுவிலேயே நடக்க வேண்டும், அதாவது ஷாஃப்டிலேயே ஸ்லிப் ஜாயின்ட் இருக்க வேண்டும். நகராத யோக்கோடு நகராத ஷாஃப்டை மாட்டினால் முதல் பள்ளத்திலேயே ஏதாவது ஒன்று உடையும்.

யோக் போகிறது, பினியனில் யூ-ஜாயின்ட் உட்காரவில்லை

கியர்பாக்ஸ் ஒரு வண்டியிலிருந்து, பின் ஹவுசிங் (பின் ஆக்ஸிலின் நடுவில் உள்ள கியர்களின் கூடு; ஷாஃப்ட் மாட்டும் அதன் உள்ளீட்டுத் தண்டே பினியன்) இன்னொரு வண்டியிலிருந்து என்றால் இரண்டு முனையிலும் வெவ்வேறு அளவு ஜாயின்ட் இருப்பது இயல்பு. கப்பின் (ஜாயின்ட்டின் முனைகளில் உள்ள ஊசி பேரிங் மூடி) விட்டம், ஒரு கப்பின் வெளி முனையிலிருந்து எதிர்க் கப்பின் வெளி முனை வரை உள்ள அகலம் ஆகிய இரண்டையும் அளந்தால் எந்த சீரிஸ் (அளவு வகை) என்று தெரிந்துவிடும்.

1310 சீரிஸ்: கப் 27 மி.மீ., அகலம் சுமார் 81.8 மி.மீ.
1330 சீரிஸ்: கப் அதே 27 மி.மீ., அகலம் 92.1 மி.மீ.
1350 சீரிஸ்: கப் 30.2 மி.மீ., அகலம் 92.1 மி.மீ.
1410 சீரிஸ்: கப் 30.2 மி.மீ., அகலம் 106.4 மி.மீ.

1310-க்கும் 1330-க்கும் கப் ஒரே விட்டம் என்பதால் கப்பை மட்டும் அளந்துவிட்டு வாங்கி ஏமாறுபவர்கள் நிறைய. அகலம் அளக்காமல் கடைக்குப் போகாதீர்கள். கப்பைப் பிடித்து நிறுத்தும் லாக் வெளிப்பக்கம் போடும் வகையா, உள்பக்கம் போடும் வகையா என்றும் பாருங்கள். உள்லாக் வகையில் அகலத்தை அளக்கும் விதமே வேறு.

இரு சீரிஸை இணைக்கும் கன்வெர்ஷன் ஜாயின்ட்டுகள் கிடைக்கின்றன: ஒரு திசையில் 1310 கப், குறுக்குத் திசையில் 1330 கப் என்பது போல. சாதாரண ஓட்டத்துக்கு இவை போதும். ஆனால் மாற்றத்தின் நோக்கமே பெரிய என்ஜின் என்றால், சிறிய பக்கம்தான் முதலில் போகும். அதற்குப் பினியன் யோக்கையே பெரிய சீரிஸுக்கு மாற்றிவிடுவது நல்லது. பினியன் நட்டைக் கழற்றும் முன் நட், ஷாஃப்ட், யோக் மூன்றிலும் குறி போட்டு வையுங்கள். நசுங்கும் ஸ்லீவ் உள்ள ஹவுசிங்கில் நட்டை மிகையாக இறுக்கினால் பினியன் பேரிங்கின் பிரிலோட் (முன்கூட்டிய இறுக்கம்) கெட்டு, ஷாஃப்டோடு சம்பந்தமே இல்லாத ஊளைச் சத்தம் புதிதாக வந்து சேரும்.

பள்ளத்தில் விழும்போது "நங்" என்று அடி, அல்லது கியர்பாக்ஸ் வால் பகுதியில் விரிசல்

ஷாஃப்ட் நீளம் அதிகம். வண்டி அமுங்கும்போது யோக் உள்ளே போய் முட்டி, அடி முழுவதையும் கியர்பாக்ஸின் பின் பேரிங்கும் வால் ஹவுசிங்கும் வாங்குகின்றன. இதை வைத்துக்கொண்டு ஓட்டவே கூடாது.

இதற்கு நேர் எதிர்: வண்டியை ஜாக்கியில் தூக்கினால் யோக் வெளியே நழுவுகிறது, வேகமாக எடுக்கும்போது பின் சீலில் எண்ணெய் ஒழுகுகிறது. ஷாஃப்ட் குட்டை. யோக் போதுமான அளவு உள்ளே இல்லாததால் புஷ் தாங்க முடியாமல் முனை ஆடுகிறது, சீல் உதடு தேய்கிறது. சீலை எத்தனை முறை மாற்றினாலும் ஒழுகல் நிற்காததற்கு இதுவே காரணம். யோக்கை வெளியே எடுத்து சீல் ஓடும் இடத்தில் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால் அங்கே பள்ளம் விழுந்துவிட்டது, யோக்கும் புதிதாகத்தான் வேண்டும்.

நீளத்தைக் காகிதத்தில் கணக்குப் போட்டு முடிவு செய்யும் பழக்கம் உண்டு. உதாரணமாக, 6 அங்குல வால் கொண்ட டிஎச்350-இன் நீளம் சுமார் 703 மி.மீ., 700ஆர்4-இன் நீளம் சுமார் 781 மி.மீ. வித்தியாசம் 78 மி.மீ., எனவே ஷாஃப்டை 78 மி.மீ. வெட்டலாம் என்று தோன்றும். என்ஜின் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் அது சரி. புது மவுண்டில் என்ஜின் 25 மி.மீ. பின்னுக்குப் போயிருந்தால் அந்தக் கணக்கு பொய். கணக்கை மதிப்பீடாக வைத்துக்கொண்டு, வெட்டும் முன் வண்டியிலேயே அளந்துவிடுங்கள்.

அளக்கும் முறை:

1. மவுண்டுகள், குறுக்குச் சட்டம் எல்லாம் கடைசி இடத்தில் போல்ட் இறுக்கி முடிந்திருக்க வேண்டும். தற்காலிகமாக மரக்கட்டை வைத்துத் தாங்கிய கியர்பாக்ஸில் அளந்த அளவு குப்பைக்குத்தான்.

2. வண்டி சமதரையில் நான்கு சக்கரத்தில் நிற்கட்டும். அடியில் போவதற்காகத் தூக்க வேண்டியிருந்தால் பின்பக்கத்தில் ஆக்ஸிலுக்கு அடியில் மட்டும் ஸ்டாண்ட் வைத்து, முன்பக்கத்தையும் அதே உயரத்துக்கு ஏற்றுங்கள். பின் சேஸிஸில் ஸ்டாண்ட் வைத்தால் ஆக்ஸில் தொங்கி அளவு மாறும்.

3. யோக்கை முட்டும் வரை உள்ளே தள்ளி, சீல் ஓரத்தில் கோடு போடுங்கள். பிறகு 20 முதல் 25 மி.மீ. வெளியே இழுங்கள். இதுதான் யோக் இருக்க வேண்டிய இடம்.

4. அந்த நிலையில் யோக்கின் ஜாயின்ட் கப் துளையின் மையத்திலிருந்து பினியன் யோக்கின் கப் மையம் வரை அளந்து எழுதுங்கள். ஒரு முனையில் ஃபிளேஞ்ச் இருந்தால் "மையத்திலிருந்து ஃபிளேஞ்ச் முகம் வரை" என்று எழுத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். வெட்டுபவரிடம் வாய்ச்சொல்லாக "நீளம் இவ்வளவு" என்று விட்டால், அவர் எங்கிருந்து எங்கே வரை எடுத்துக்கொள்வார் என்பது அவருக்கே தெரிந்த ரகசியம்.

5. வண்டியின் பின் சேஸிஸைத் தூக்கி, ஆக்ஸில் முழுதாகத் தொங்கும் நிலையில் ஒரு முறையும், சுமை ஏற்றிய நிலையில் ஒரு முறையும் அதே அளவை எடுங்கள். மூன்று எண்களுக்கும் இடையிலான வித்தியாசம்தான் யோக்கின் நகர்வு. எந்த நிலையிலும் முட்டக் கூடாது, எந்த நிலையிலும் ஸ்ப்ளைன் பிடிப்பு விரலளவுக்குக் குறையக் கூடாது.

நான்கு சக்கர இயக்க டிரக்கில் மறக்கக் கூடாத ஒன்று: கியர்பாக்ஸ் நீண்டால் டிரான்ஸ்ஃபர் கேஸும் (முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) அதே அளவு பின்னுக்குப் போகிறது. பின் ஷாஃப்ட் எவ்வளவு குறைகிறதோ ஏறக்குறைய அவ்வளவு முன் ஷாஃப்ட் நீள வேண்டும். வெட்டிய பின் ஷாஃப்டை முன்னால் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். முன் ஷாஃப்டின் ஜாயின்ட் வகை பெரும்பாலும் வேறு.

கிளம்பும்போது உதறல், 40 கி.மீ. தாண்டினால் அடங்குகிறது

இது கோணம். சாதாரண யூ-ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது, ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறையும். முன் ஜாயின்ட் உண்டாக்கும் இந்த ஏற்றத்தாழ்வைப் பின் ஜாயின்ட் எதிர்த்திசையில் சமன் செய்ய வேண்டும். இரு கோணமும் சமமாக இருந்தால் சமனாகும், இல்லாவிட்டால் மிச்சம் முழுவதும் உதறலாக உடம்புக்கு வரும். கிளம்பும்போது சுமை அதிகம், பினியன் மூக்கும் மேலே தூக்கும். அதனால்தான் அந்த நேரத்தில் மட்டும் தெரிகிறது.

கைபேசியின் கோணமானியே போதும், ஆனால் மூன்று இடத்தில் வைக்க வேண்டும்: கியர்பாக்ஸ் அவுட்புட், ஷாஃப்ட் குழாய், பினியன். அவுட்புட்டில் வைக்க இடமில்லை என்றால் என்ஜின் முன் புல்லியின் (கப்பி) முகத்தில் வைத்து அளக்கலாம். அது கிராங்குக்குச் செங்குத்து, ஆகவே கணக்கு ஒன்றுதான். எல்லாவற்றையும் "பின்னோக்கிச் சரிவு எத்தனை டிகிரி" என்றே எழுதுங்கள். திசை குழம்பினால் எல்லாம் குழம்பும்.

ஓர் உதாரணம். கியர்பாக்ஸ் 7 டிகிரி சரிவு, ஷாஃப்ட் 8, பினியன் 4. முன் ஜாயின்ட்டின் வேலைக் கோணம் 8 கழித்தல் 7, அதாவது 1. பின் ஜாயின்ட்டினுடையது 8 கழித்தல் 4, அதாவது 4. வித்தியாசம் 3 டிகிரி. 1 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. எண்ணெய்ச் சட்டி இடிக்காமல் இருக்க என்ஜினை முன்னால் உயர்த்தி, குறுக்குச் சட்டத்தைப் பழைய உயரத்திலேயே விட்டால் இப்படித்தான் வரும்.

இரண்டு வழி உண்டு. குறுக்குச் சட்டத்தில் பட்டை வைத்து கியர்பாக்ஸ் வாலை உயர்த்துவது ஒன்று. ஆக்ஸில் இருக்கைக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்புப் பட்டை வைத்துப் பினியனைச் சாய்ப்பது மற்றொன்று. மேலே சொன்ன வண்டியில் 2 டிகிரி ஆப்பு வைத்தால் பினியன் 6 ஆகும், பின் கோணம் 2. சுமையில் மூக்கு 1 டிகிரி தூக்கும்போது இரு பக்கமும் 1 ஆகிவிடும். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் நிற்கும் நிலையில் பினியனை 1 முதல் 2 டிகிரி தாழ்வாக விடுவது இதற்காகத்தான்.

ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு மேலே இருந்தால், மூக்கை உயர்த்த ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும். ஸ்பிரிங் கீழே இருந்தால் முன்னால். தலைகீழாக வைத்துவிட்டு "ஆப்பு வைத்தும் சரியாகவில்லை" என்று புலம்புவது சகஜம், ஆகவே வைத்த பிறகு மறுபடி அளந்து பாருங்கள். நடு போல்ட்டின் தலை ஆக்ஸில் இருக்கையின் துளையில் முன்போல் இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நீளமான போல்ட் தேவை.

கோணத்தைச் சுழி ஆக்கிவிடலாமே என்று தோன்றலாம். வேண்டாம். ஜாயின்ட்டின் ஊசிகள் உருள வேண்டுமானால் குறைந்தது அரை டிகிரியாவது இருக்க வேண்டும். நேர்கோட்டில் நின்றால் ஊசிகள் ஒரே இடத்தில் அழுத்தி, நடுவிலுள்ள சிலுவைத் துண்டான கிராஸில் தடம் பதிக்கும். மேல் வரம்பு சுழற்சி வேகத்தைப் பொறுத்தது: ஷாஃப்ட் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றும் வண்டிக்கு 3 டிகிரியை ஒட்டி, 3,000 சுற்றுக்கு 6 டிகிரிக்குச் சற்றுக் கீழே.

என்ஜின் பக்கவாட்டில் விலகி உட்கார்ந்திருந்தால் மேலிருந்து பார்க்கும் கோணமும் சேரும். பக்கப் பார்வையில் 3, மேல் பார்வையில் 2 என்றால் உண்மைக் கோணம் 3.6. இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வெறுமனே 3 என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் முதலில் நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கைப் பாருங்கள். மாற்றத்துக்குப் பின் அது பழைய உயரத்திலேயே நின்றால் முன் துண்டின் கோணம் கெட்டிருக்கும். தாங்கியில் சில பட்டைகள் வைத்தோ எடுத்தோ பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். டபுள் கார்டன் ஜாயின்ட் (இரண்டு யூ-ஜாயின்ட் சேர்ந்த இணைப்பு) போட்ட ஷாஃப்டுக்கு மட்டும் இந்தச் சமக்கோண விதி பொருந்தாது. அதில் பினியன் ஷாஃப்டை நேராகப் பார்த்தபடி, நிற்கும்போது 1 அல்லது 2 டிகிரி தாழ்ந்திருக்க வேண்டும்.

80 கி.மீ.க்கு மேல் ஏற ஏற நடுக்கம்

முதலில் ஷாஃப்டா, டயரா, என்ஜினா என்று பிரியுங்கள். நடுக்கம் வரும் வேகத்தில் நிலையாக ஓட்டி, அதே வேகத்தில் ஒரு கியர் இறக்குங்கள். என்ஜின் சுற்று கூடியும் நடுக்கம் மாறவில்லை என்றால் என்ஜின் தப்பித்தது. அடுத்தது அதிர்வின் சுபாவம். 711 மி.மீ. உயர டயரும் 3.73 விகித ஹவுசிங்கும் உள்ள வண்டி 100 கி.மீ. வேகத்தில் போனால், டயர் வினாடிக்கு சுமார் 12 முறை சுற்றுகிறது. ஷாஃப்ட் 46 முறை. டயர் கோளாறு ஸ்டீயரிங்கிலும் இருக்கையிலும் எண்ணிவிடக்கூடிய ஆட்டமாக இருக்கும். ஷாஃப்டின் பேலன்ஸ் கோளாறு தரையிலும் கியர் கம்பியிலும் "விர்ர்" என்ற ரீங்காரமாக இருக்கும். அதன் இரட்டிப்பில், வினாடிக்கு 93 முறையை ஒட்டி வந்தால் ஜாயின்ட் கோணத்தை மறுபடி சந்தேகியுங்கள்.

ஓவர்டிரைவ் (ஷாஃப்ட் என்ஜினைவிட வேகமாகச் சுற்றும் மேல் கியர்) உள்ள பெட்டி போட்டவர்கள் ஒரு கணக்கில் தவறுவார்கள். டாக்கோமீட்டர் 2,000 காட்டுகிறது, ஆகவே ஷாஃப்டும் மெதுவாகத்தான் சுற்றுகிறது என்று எண்ணுவார்கள். 0.70 ஓவர்டிரைவில் என்ஜின் 2,000 சுற்றினால் ஷாஃப்ட் 2,857 சுற்றுகிறது. குறைந்தது என்ஜின் சுற்று மட்டும்தான்.

பேலன்ஸ் சரிபார்க்கும் முன் கழற்றிப் பார்க்க வேண்டியவை: ஒட்டிய பேலன்ஸ் எடை விழுந்த தடம், குழாயில் நசுங்கல், ஒட்டிக் காய்ந்த சேற்றுக் கட்டி. பிறகு ஃபேஸ். ஒற்றைத் துண்டு ஷாஃப்டின் இரு முனை யோக்கும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஷாஃப்டைத் தரையில் உருட்டி, ஒரு யோக்கின் காதுகள் படுத்திருக்கும்போது மற்றதும் படுத்திருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஸ்ப்ளைன் உள்ள ஷாஃப்டைப் பிரித்து ஒரு பல் தள்ளிப் போட்டாலே கெட்டுவிடும்.

புதிதாக வெட்டி ஒட்டிய குழாய் என்றால் டயல் கேஜில் சுற்றிப் பாருங்கள்: வெல்டிலிருந்து 75 மி.மீ. தள்ளி 0.25 மி.மீ.க்குள், நடுவில் 0.38 மி.மீ.க்குள் கோணல் இருக்க வேண்டும். இதற்கு மேல் இருந்தால் பேலன்ஸ் செய்யப் போவதற்கு முன் நேராக்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் நடுக்கம் வெடித்துக் கிளம்பினால், ஷாஃப்ட் தன் நீளத்துக்கு ஒல்லியாக இருக்கிறது. இரும்புக் குழாய்க்கு எல்லை வேகத்தை இப்படிப் போடலாம்: வெளிவிட்ட வர்க்கமும் உள்விட்ட வர்க்கமும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 11.9 கோடியால் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். எல்லா அளவும் மி.மீ. வெளியே 76, உள்ளே 72, நீளம் 1,750 என்றால் சுமார் 4,070 சுற்று. அதில் முக்கால் பங்குக்கு மேல் ஓட்டக் கூடாது, அதாவது 3,050. மேலே சொன்ன 3.73 விகித வண்டி 120 கி.மீ. போனால் ஷாஃப்ட் 3,340-ஐத் தொடும். இங்கே பேலன்ஸ் செய்து பயனில்லை. 90 மி.மீ. குழாய் போட்டால் முக்கால் பங்கே 3,600-ஐத் தாண்டும். இல்லாவிட்டால் சென்டர் பேரிங்கோடு இரண்டு துண்டாக்க வேண்டும். நீண்ட சேஸிஸில் குட்டையான கியர்பாக்ஸைப் போட்டு, ஷாஃப்ட் நீண்டுபோனவர்களுக்கு இது அதிகம் வரும்.

கியர் போட்டதும் "டொக்"

ஷாஃப்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், பிறகு முறுக்கிப் பாருங்கள். ஜாயின்ட்டில் ஆட்டம் இருந்தால் கப் ஓரத்தில் செங்காவி நிறத்தில் தூள் தெரியும். அது கிரீஸ் வற்றி ஊசிகள் அரைத்த துரு. அந்த ஜாயின்ட் முடிந்தது. ஜாயின்ட் நன்றாக இருந்து, நின்று கிளம்பும்போது மட்டும் ஒரு தட்டு கேட்டால், ஸ்லிப் ஸ்ப்ளைன் வறண்டு ஒட்டிக்கொண்டு பிறகு விடுகிறது. துடைத்துக் கிரீஸ் பூசினால் அடங்கும்.

போட்ட புது ஜாயின்ட் சில நூறு கிலோமீட்டரிலேயே போனால், பொருத்தியதில் தவறு. அழுத்தும்போது ஓர் ஊசி சாய்ந்து கப்பின் அடியில் படுத்துக்கொள்ளும். கப் முழுதாக இறங்காது, லாக் பள்ளத்தில் உட்காராது. சுத்தியால் அடித்து லாக்கை நுழைக்காமல் கப்பை எடுத்து ஊசிகளை எண்ணுங்கள். பொருத்திய பின் ஜாயின்ட் கையால் நான்கு பக்கமும் வளைய வேண்டும். ஒரு பக்கம் இறுகினால் யோக்கின் காதில் மென்மையாக ஒரு தட்டு தட்டுங்கள், கப் லாக்கின் மேல் போய் உட்காரும். பினியன் பக்கம் கப்பைப் பிடிக்கும் பட்டியின் போல்ட்டுகளை 1310, 1330 சீரிஸுக்கு 18 முதல் 24 நியூட்டன் மீட்டரில் நிறுத்துங்கள். பலம் உள்ள மட்டும் இறுக்கினால் கப் நசுங்கி ஊசிகள் சிக்கும். பட்டியையும் போல்ட்டையும் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.